காய்ச்சல் வந்தால் அவர்களுக்கு லீவு உண்டா?



இங்கு எழுதி நீண்ட நாளாயிற்று. தேர்வுத் தாள்கள் ஒரு பக்கம், பள்ளிப் போட்டிகள் மறுபக்கம் என நாள்கள் ஓடிவிட்டன. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு மாணவி. அவள் கேட்ட ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. பதிலைத் தேடிப் போனேன். அந்தத் தேடல் என்னை எங்கெங்கோ கொண்டு சென்று, இறுதியில் என் பழைய குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டது.

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். ஜொகூர் பாலத்தைக் கடந்து, இரு பக்கக் குடிநுழைவுச் சாவடிகளிலும் வரிசையில் நின்று, நகருக்குள் நுழைவதற்குள் வெயில் ஏறிவிட்டது. முதலில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்திற்குச் சென்றோம். வெள்ளை வெளேரென்று உயர்ந்து நிற்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டி, "இதைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள்" என்றேன். பிள்ளைகளின் கண்கள் விரிந்தன.

1856இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆலயம் அது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் உட்சுவர்களுக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்' எனப்படும் கலவை. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து பூசி, காய்ந்தபின் பளிங்குபோல் மின்னும்வரை கல்லால் தேய்ப்பார்களாம். இதைச் சொன்னதும், "எத்தனை முட்டை டீச்சர்?" என்று ஒருவன் கேட்க, கூட்டமே சிரித்தது.

அப்போதுதான் வகுப்பில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி என் கையைத் தொட்டாள்.

"டீச்சர், அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா லீவு குடுப்பாங்களா?"

சுண்ணாம்பின் செய்முறை எனக்குத் தெரிந்திருந்தது. கட்டடக் கலைஞர் மெக்பர்சனின் பெயர் தெரிந்திருந்தது. ஆண்டுகள் தெரிந்திருந்தன. அந்தச் சுவரைத் தேய்த்த கைக்குரியவன் நோயுற்றால் என்ன ஆனான் என்பது மட்டும் தெரியவில்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி வைத்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? ஒரு சனிக்கிழமை மீண்டும் பாலத்தைக் கடந்து, விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் உட்கார்ந்தேன். பிறகு பல இரவுகள் வீட்டுக் கணினியில் படித்தேன். நான் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சுமத்திராவின் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். முதலில் வந்தோர் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்தில் வங்காளத்துக் கைதிகள் வந்தனர். பினாங்கில் அதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, கைதிகள் வரத் தொடங்கிவிட்டனர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் ஏறத்தாழ 1873 வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

அவர்கள் செய்யாத வேலை இல்லை. காடு வெட்டினர். சதுப்பு நிலத்தை மேடாக்கினர். சாலை போட்டனர். செங்கல் சுட்டனர். கலங்கரை விளக்கம் கட்டினர். இன்று இஸ்தானா என்று அழைக்கப்படும் ஆளுநர் மாளிகை 1867க்கும் 1869க்கும் இடையில் எழுந்ததும் அவர்களின் உழைப்பால்தான். பிராஸ் பாசாவில் தங்களைப் பூட்டி வைக்கும் சிறையையும் அவர்களே கட்டினார்கள்!

முன்னாளில் வந்தவர்களுள் பலரின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றம் பச்சை குத்தப்பட்டிருந்தது. 1849இல்தான் சட்டத்தின் வழி அவ்வழக்கம் ஒழிந்தது. தலைப்பாகையை நெற்றிவரை இழுத்துக் கட்டி அந்த எழுத்தை மறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். நன்னடத்தையால் நம்பிக்கை பெற்று, அனுமதிச் சீட்டோடு வெளியில் வாழ்ந்தவர்கள் முதல் வகுப்பு. ஐந்தாம் வகுப்பினரின் கால்களில் கனத்த விலங்கு. ஆறாம் வகுப்பு என்பது நோயால் தளர்ந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் உரியது. வகுப்பு, தேர்ச்சி, இறக்கம் என்ற சொற்களைப் படித்தபோது எனக்குச் சற்றே கூசியது. நம் பள்ளிக்கூடச் சொற்கள் அல்லவா அவை?

சதுப்பு நிலத்தில் வேலை செய்தவர்களை எண்ணிப் பாருங்கள். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897இல். நம் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது 1901இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் முழங்காலளவு சேற்றில் நின்று மண் கொட்டியவனுக்குக் காய்ச்சல் ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள். சோம்பல் என்றும் சொன்னார்கள்.

இந்தியாவில் இதைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டு, 1838இல் அறிக்கை தந்தது. மெக்காலே அதில் ஓர் உறுப்பினர். கைதிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாலை வேலைக்கு அனுப்புவதை அக்குழு எதிர்த்தது. வெளியில் உழைத்தோரிடையே நோயும் சாவும் மிகுந்திருந்தது ஒரு காரணம். சிறையின் கட்டொழுங்கு தளர்ந்துவிடுகிறது என்பது மற்றொரு காரணம். கைதியின் உயிரும் அவன் தண்டனையின் கடுமையும் ஒரே தராசில் வைக்கப்பட்டிருந்தன என்பதே நான் அதில் கண்டது. நம் பக்கத்திலோ வெளி வேலை தொடர்ந்தது. புதிய குடியேற்றத்திற்குச் சாலை வேண்டியிருந்தது.

சிங்கப்பூர்க் கைதிகளைப் பற்றிய முதன்மையான நூல் மேஜர் மெக்நேர் என்பவர் பேலிஸ் என்பாரின் துணையோடு எழுதி 1899இல் வெளியிட்டது. 'பிரிசனர்ஸ் தேர் ஓன் வார்டர்ஸ்' என்பது அதன் பெயர். கைதிகளே தங்களுக்குக் காவலர்கள் என்று பொருள். மெக்நேர் கைதிகள் துறையைப் பல்லாண்டு நடத்தியவர். கொடுமைக்காரர் அல்லர். கைதிகளுக்குத் தொழில் கற்றுக் கொடுத்து, நம்பிக்கைக்கு உரியவர்களை மேலே தூக்கிவிட்ட முறையைப் பெருமையோடு எழுதுகிறார். அந்தப் பெருமையில் நியாயமும் உண்டு. அந்நூல் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விருப்பமுள்ள ஆசிரியர்கள் படிக்கலாம்.

அந்நூலில் கைதிகளின் உடல்நலத்திற்கென்று ஓர் இயல் உள்ளது. என் மாணவியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று ஆவலோடு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தலைப்பைப் படித்ததும் என் கை நின்றுவிட்டது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சிங்கப்பூரில் இந்தியக் கைதிகளின் நோய்களும் நோய் நடிப்பும்'.

நோயும் நடிப்பும் ஒரே தலைப்பில், ஓர் 'உம்'மையால் இணைக்கப்பட்டிருந்தன.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர் அடிக்கடி ஒன்று சொல்வார். "ஓர் ஆவணத்தைப் படிப்பதற்கு முன், இதை யார் எழுதினார், எங்கே நின்றுகொண்டு எழுதினார் என்று கேளுங்கள்." அந்த இயலை எழுதிய கண் மருத்துவமனைக் கட்டிலின் அருகில் நிற்கிறது. கட்டிலில் கிடப்பவனை அது இரண்டு கேள்விகளோடு பார்க்கிறது. இவனுக்கு என்ன நோய்? இவன் உண்மையிலேயே நோயாளியா? கட்டாய வேலை என்று ஒன்று இருக்கும் இடமெல்லாம் இந்த இரண்டாம் கேள்வி இருந்தே தீரும். வேலைக்குப் போகாமல் இருக்க நோய் ஒன்றுதான் வழி என்று ஆக்கி வைத்தால், நோயில்லாதவன் நடிப்பான். நோயுள்ளவனையும் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம்தான்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, காய்ச்சல் என்று சொன்னால் கங்காணி முதலில் முகத்தைப் பார்ப்பாராம். அடுத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் நாக்கைப் பார்ப்பாராம். "நெத்தியத் தொட்டுப் பாக்க ஒருத்தனுக்கும் கை வராது" என்பார் பாட்டி. தோட்டத்துத் தொழிலாளி கைதி அல்லர். ஆனாலும் அந்தப் பார்வையைப் பாட்டி அறிந்திருந்தார்.

பாட்டியைப் பற்றிச் சொன்னதால் அரிசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது பெற்றோர்களுக்குப் பயன்படும்.

'பெரிபெரி' என்ற நோயை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். கால் மரத்துப்போகும், வீங்கும், முடிவில் இதயம் நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்துச் சிறைகளிலும் சுரங்கங்களிலும் ஆயிரக்கணக்கானோரை அது கொண்டுபோனது. கிருமிதான் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினர். ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய வெள்ளரிசிச் சோறு தின்ற கோழிகளுக்கு இதைப் போன்ற நோய் வருவதைக் கண்டார். மனிதர்களுக்கும் அப்படித்தானா என்று எப்படி அறிவது?

சிறைகளைப் பார்த்தார்கள். ஃபோர்டர்மன் என்ற சுகாதார அதிகாரி 1890களின் நடுவில் ஜாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். ஏறத்தாழ 2,80,000 கைதிகள். தீட்டிய அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி. தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்த சிறைகளில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர்! தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று உயிரைக் காக்கிறது என்பது தெளிவாயிற்று. அதைத்தான் பின்னர் வைட்டமின் பி1 என்றார்கள். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் இதன் தொடர்ச்சி உண்டு. மலாயாவில் பணியாற்றிய டாக்டர் பிராடன், வெள்ளரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியதையும், அதே நாட்டில் வாழ்ந்த தமிழர்களை அது அதிகம் தொடாததையும் கவனித்தார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெட்சர் 1905இல் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறுபிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர்.

பாட்டி கடைசிவரை புழுங்கல் அரிசிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்குப் பின்னால் இத்தனை பெரிய வரலாறு இருப்பது எனக்கு இத்தனை காலமாகத் தெரியாது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையின் ஊடே ஒரு முள்ளும் இருந்தது. ஏன் சிறை? ஏன் மனநோய் மருத்துவமனை? அங்கே எல்லோருக்கும் ஒரே உணவு, ஒரே அளவு. யாரும் எழுந்து போய் வேறு சோறு தின்ன முடியாது. எண்ணுவதற்கு அதைவிட வசதியான இடம் உண்டா? உங்களை இப்படிச் சோதித்துப் பார்க்கலாமா என்று அந்தப் பதினெட்டுப் பேரிடம் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நம் வீட்டுச் சத்துணவு அட்டவணையில் 'வைட்டமின் பி1' என்று எழுதும்போது, பெயர் தெரியாத அவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பெயர் தெரிந்தவர்களின் கதை வேறு. செக்கிழுத்த செம்மல் என்று வ.உ.சிதம்பரனாரை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். 1908இல் தண்டிக்கப்பட்டு, கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தவர். 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் தம் வரலாற்றைச் செய்யுளாகவே எழுதி வைத்தார். ஆகவே அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். அவரோடு தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார் என்பதும் தெரியும். ஆனால் அதே சிறையில் சாதாரணக் குற்றவாளி ஒருவனும் உழைத்திருப்பானே? அவன் முதுகைப் பற்றி யார் எழுதினார்? திருடனாயினும் கொலைகாரனாயினும் அவனுக்கும் காய்ச்சல் நமக்கு வருவதுபோலத்தானே வரும்?

இப்போது என் குறிப்பேட்டுக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியராக இருந்தேன். என் வகுப்பில் ஒரு மாணவன். வெள்ளிக்கிழமை தோறும் எழுத்துச் சோதனை வைப்பேன். வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்கு வயிற்று வலி வரும். இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாம் முறை, அவன் பள்ளி வாசலில் ஐஸ் வாங்கித் தின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். மாணவர் நடத்தைக் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல் எழுதினேன்: பாசாங்கு.

நான்காம் முறை அது வெள்ளிக்கிழமை அன்று; செவ்வாய்க்கிழமை. மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தான். "என்ன, இன்றைக்கும் சோதனை என்று நினைத்துக்கொண்டாயா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றான். பாடம் முடியும்வரை, வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி நின்றான்.

அன்றிரவு அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். குடல்வால் வெடித்துவிட்டது. அறுவைச் சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டான். மூன்று வாரம் கழித்துத்தான் வீடு திரும்பினான். நான் பார்க்கப் போனபோது அவன் தாயார் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. "டீச்சருக்கு மைலோ கலக்கவா?" என்று கேட்டார். அவன் மட்டும் என்னைப் பார்த்து, மெல்லிய குரலில், "இந்தத் தடவை நெசமாத்தான் டீச்சர் வலிச்சுது" என்றான்.

'இந்தத் தடவை' என்று அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. முன்பு நடித்ததை அவன் ஒப்புக்கொண்டான். ஒரு பிள்ளை சோதனைக்கு அஞ்சி வயிற்று வலியைத் துணைக்கு அழைக்கிறான் என்றால், என் வகுப்பறையிலிருந்து தப்ப அவனுக்கு வேறு வழி இல்லை என்பதுதானே பொருள்? அவன் ஏன் அஞ்சுகிறான் என்று நான் கேட்கவில்லை. பாசாங்கு என்று எழுதிவிட்டால் கேட்க வேண்டிய வேலை முடிந்துவிடுகிறது. 1899ஆம் ஆண்டு நூலின் ஒரு தலைப்பைப் பார்த்து நான் முகம் சுளித்தேனே, அந்தத் தலைப்பை என் கையெழுத்திலேயே நானும் எழுதி வைத்திருந்தேன்.

பள்ளி சிறை அன்று. ஆசிரியர் காவலரும் அல்லர். இவ்விரண்டையும் ஒன்றாக்குவது என் நோக்கமும் அன்று. ஆனால் ஒரு பிள்ளை தன் உடலைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கு நம்மைவிட்டால் வேறு கேட்பார் இல்லாத ஆறு மணி நேரம் ஒவ்வொரு நாளும் உண்டு. அந்த நேரத்தில் நாம் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறோம் என்பதே எல்லாம். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பின் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வலி என்று சொல்லும் பிள்ளையை முதலில் உட்கார வைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக்குத் தொலைபேசி செய்வேன். நடிப்போ உண்மையோ, அதை மறுநாள் பேசிக்கொள்ளலாம். பத்துப் பேரில் ஒன்பது பேர் என்னை ஏமாற்றிவிட்டுப் போகட்டும். அதனால் எனக்கு நட்டம் ஒரு பாட வேளைதான்.

இனி, என் மாணவிக்குச் சொன்ன பதில்.

அடுத்த வாரம் வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகவே சொன்னேன். "கைதிகளுக்கு மருத்துவமனை இருந்தது. கைதிகளிலேயே சிலர் அங்கே பணிவிடை செய்தார்கள். நோயால் தளர்ந்தவர்களைத் தனி வகுப்பாக வைத்தார்கள். ஆனால் உனக்கு நோயென்று நீ சொன்னால் மட்டும் போதாது. அதை இன்னொருவர் நம்ப வேண்டும். நம்பினால்தான் ஓய்வு." 1873இல் கைதிகள் துறை கலைக்கப்பட்டபின் சிலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டதையும், பலர் விடுதலை பெற்று இங்கேயே தங்கி வாழ்ந்ததையும் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். ஓய்வு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள்.

"எங்கப்பாவும் சிங்கப்பூர்லதான் டீச்சர் வேலை செய்றாரு. காலையில நாலு மணிக்கு மோட்டார்ல போவாரு. போன மாசம் காய்ச்சலோடயே போனாரு. லீவு எடுத்தா சம்பளத்துல வெட்டிடுவாங்களாம்."

அவள் அன்று பேராலய வாசலில் நின்று கேட்டது வரலாற்றுக் கேள்வி என்று நான் நினைத்திருந்தேன்.

பெற்றோர்களே, உங்கள் உடல் வலியைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை பிள்ளைகளை ஒரு பழைய கட்டடத்தின் முன் நிறுத்தி, இதை யார் கட்டினார்கள் என்று சொல்லும்போது, கட்டியவர்கள் என்ன உண்டார்கள், நோயுற்றபோது எங்கே படுத்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சுவரைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் கையும் தெரியட்டும்.

அந்தப் பழைய மாணவன் இப்போது கல்லூரி முடித்துவிட்டான். சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவனிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதி முடித்ததும் கேட்கலாம் என்றிருக்கிறேன்.